நான்கு பக்கங்களை வெட்டிய மலர்க் குழுவுக்கு

செயற்குழுவினருக்கும் இருபதாம் ஆண்டு மலர்க் குழுவினருக்கும் வணக்கம்.

நம் தமிழ் வட்டத்தின் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். 18 பக்கம் எழுதிக் கொடுத்தேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது 14 பக்கம்தான் இருந்தது. 2009 சித்திரை விழாவில் நடக்கவிருந்து, நடக்காமல் போன பட்டிமன்றத்தைப் பற்றிய நான்கு பக்கங்களும் காணவில்லை. அந்த இடத்தில் "2009: சித்திரை விழா சிறப்பாக நடைபெற்றது" என்று ஒரே ஒரு வரி. ஓரத்தில் பென்சிலால், "பழையதைக் கிளற வேண்டாம், யார் மனமும் புண்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. அது யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரியும். அக்கறையோடு எழுதியது என்பதும் தெரியும்.

இதைத் தனிக் கடிதமாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் 2009-இலும் இப்படித்தான் நான்கு பேர் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தார்கள். அறுபது குடும்பங்களுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அந்த முறை எனக்கு மீண்டும் வேண்டாம். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அப்போது இங்கே இல்லாதவர்களுக்காக அந்த நாட்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2004 முதல் 2006 வரை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நம் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் வீட்டு விலை விறுவிறுவென்று ஏறியது. முன்பணம் இல்லாமல் கடன், வருமானச் சான்று கேட்காமல் கடன், முதல் இரண்டு வருடம் குறைந்த வட்டி, அதன்பின் சந்தையோடு ஏறும் வட்டி என்று விதவிதமாகக் கொடுத்தார்கள். வாங்காதவருக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று நம் வீட்டு விருந்துகளிலேயே பேச்சு இருந்தது. பிறகு விலை சரிந்தது. 2011-இல் சரிவு நின்றபோது 2006-இல் இருந்த உச்ச விலையில் பாதிகூட மிஞ்சவில்லை. நான்கு லட்சம் டாலர் கடன் வைத்திருந்தவரின் வீட்டை இரண்டு லட்சத்துக்குக் கேட்க ஆள் இல்லை.

எங்கள் தெருவில் 22 வீடுகள். 2009 தொடக்கத்தில் அவற்றில் ஐந்து வீட்டுக் கதவுகளில் ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தது. அரிசோனாவில் வீட்டை ஏலம் விட வங்கி வழக்குப் போட வேண்டியதில்லை. அறிவிப்பைப் பதிவு செய்து 90 நாள் கழிந்தால் போதும். கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிமன்ற வாசலில் நின்று ஏலம் கூறிவிடலாம். எதிர் வீட்டுக்காரர்கள் ஓர் இரவில் காலி செய்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய நீச்சல் குளம் பாசி பிடித்துப் பச்சையாகிக் கொசு மொய்த்தது. கவுண்டி சுகாதாரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து, வாளியில் கொண்டுவந்த சிறு மீன்களைக் குளத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று. என் மகள் மாடி ஜன்னலிலிருந்து தினமும் அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுப் பையன் அவள் வகுப்பில் படித்தவன். அவன் எங்கே போனான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 2009 பிப்ரவரி 18 அன்று, அதிபர் ஒபாமா நமக்குப் பக்கத்திலிருக்கும் மெசாவுக்கு வந்தார். டாப்சன் உயர்நிலைப் பள்ளியில் வீட்டுக்கடன் மீட்புத் திட்டத்தை அறிவித்தார். 7,500 கோடி டாலர். 90 லட்சம் குடும்பங்கள் வரை பயன்பெறலாம் என்றார். கட்டவே முடியாது என்று தெரிந்தே வாங்கியவர்களுக்கு இதில் இடமில்லை என்றும் சொன்னார். மறுநாள் காலை சிகாகோ வணிகச் சந்தைத் தளத்திலிருந்து சிஎன்பிசி தொலைக்காட்சியின் ரிக் சாண்டெல்லி நேரலையில் குமுறினார். கூடுதலாக ஒரு குளியலறை வைத்துக் கட்டிவிட்டுத் தவணை கட்ட முடியாமல் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கடனை உங்களில் எத்தனை பேர் கட்டத் தயார் என்று சுற்றி நின்ற வணிகர்களைப் பார்த்துக் கேட்டார். அதற்கு மறுநாள் வெள்ளை மாளிகைச் செய்திச் செயலாளர் ராபர்ட் கிப்ஸ் மேடையில் நின்று, சாண்டெல்லி எங்கே, எந்த வீட்டில் வசிக்கிறார் என்று தமக்குத் தெரியாது என்றார். திட்டத்தை முதலில் படித்துப் பார்க்கட்டும், காப்பி வாங்கித் தருகிறேன் என்றார்.

மூன்று நாளில் நடந்த இந்த மூன்றையும் நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். சாண்டெல்லியின் கேள்வி என் கேள்விதான். ஆனால் தவணை கட்ட முடியாதவர்களை அவர் தோற்றுப்போனவர்கள் என்று அழைத்தது எனக்கு வலித்தது. கிப்ஸ் வாதத்துக்குப் பதில் சொன்னது சரி. ஆனால் அதிபருடைய மேடையிலிருந்து ஒரு நிருபரின் வீட்டைப் பற்றிப் பேசியது தவறு. வெள்ளை மாளிகையிடம் இருக்கும் பலம் ஒரு நிருபரிடம் இல்லை. இருந்தாலும் யாருடைய வாயும் அடைபடவில்லை. சாண்டெல்லி தொடர்ந்து பேசினார். திட்டத்தை ஆதரித்தவர்களும் பேசினார்கள். வரி கட்டும் கடைசி நாளான ஏப்ரல் 15 அன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் மக்கள் பதாகை தூக்கி நின்றார்கள். அதற்கும் முன்பு, 2008 செப்டம்பரில் வங்கிகளுக்கு 70,000 கோடி டாலர் கொடுக்கும் மசோதா வந்தபோது, மக்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் பாரம் தாங்காமல் பிரதிநிதிகள் சபையின் இணையதளமே திணறியது. செப்டம்பர் 29 அன்று 228-க்கு 205 என்ற கணக்கில் மசோதா தோற்றது. அன்று பங்குச் சந்தை 777 புள்ளிகள் விழுந்தது. நான்கு நாளில் மசோதா திருத்தப்பட்டு நிறைவேறியது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நான்கு நாட்களும் நாடே பேசியது.

நாம் பேசவில்லை.

நடக்கவிருந்த பட்டிமன்றத்தின் தலைப்பை நினைவூட்டுகிறேன்: "கடனில் தவிக்கும் வீட்டை வரிப்பணத்தால் மீட்பது அறமே! அநியாயமே!" அணிக்கு மூன்று பேர். சாண்ட்லர் நூலகத்தின் சிறிய அறையில் இரு அணியும் தனித்தனி நாட்களில் ஒத்திகை பார்த்தோம். பட்டிமன்ற வழக்கப்படி எதிரணியின் வாதம் மேடை ஏறும்வரை நமக்குத் தெரியக்கூடாது. நான் "அநியாயமே" அணியின் தலைவன்.

என் வாதம் எங்கிருந்து வந்தது என்று வெட்டப்பட்ட பக்கங்களில் எழுதியிருந்தேன். திருவாரூர்ப் பக்கத்தில் என் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் குறுவையும் சம்பாவும் வைத்தவர். 2006 தை அறுவடை முடிந்ததும், அம்மாவின் இரண்டு வளையலையும் சேர்த்து விற்று, அசலும் வட்டியுமாகக் கட்டி ரசீது வாங்கினார். மே 13 அன்று புதிய அரசு பதவியேற்றது. பதவியேற்ற அன்றே கூட்டுறவு விவசாயக் கடன்கள் தள்ளுபடி. கட்டாமல் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கடன் தீர்ந்தது. அப்பா திண்ணையில் அந்த ரசீதை மடித்து மடித்துப் பிரித்தபடி, "ஒழுங்காகக் கட்டினவன்தான் இந்த ஊரில் ஏமாளியா?" என்று கேட்டார். தள்ளுபடி கிடைத்த பக்கத்து வயல்காரர் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போகவில்லை. "மாமா, எனக்குக் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வரவில்லை. வளையல் விற்கலாம் என்றால் என் வீட்டில் வளையலும் இல்லை" என்று பதில் சொன்னார். இரண்டு பேரும் இருட்டும்வரை சண்டை போட்டார்கள். மறுநாள் காலையில் ஒன்றாக வயலுக்குப் போனார்கள்.

அந்தத் திண்ணைப் பேச்சைத்தான் நான் இங்கே எதிர்பார்த்தேன். அந்தத் தள்ளுபடி சரியா தவறா என்று நம்மில் யாரும் வாய் ஓயாமல் பேசுவோம். நம் வரியும் நம் வீடும் இருக்கும் ஊரில், நம் தெருவில் ஐந்து கதவுகளில் அறிவிப்பு ஒட்டியிருக்கும்போது மட்டும் நமக்கு நாக்கு எழவில்லை.

ஏப்ரல் 16, வியாழக்கிழமை இரவு, தவிர்க்க முடியாத காரணங்களால் பட்டிமன்றத்துக்குப் பதிலாகத் திரையிசை நிகழ்ச்சி என்று மின்னஞ்சல் வந்தது. தொலைபேசியில் கேட்டபோது மூன்று காரணங்கள் சொன்னீர்கள். அன்று நான் கோபத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் வட்டம் வரிவிலக்கு பெற்ற அமைப்பு, அரசியல் பேசினால் அந்தத் தகுதி போய்விடும் என்றீர்கள். நாம் பதிவு செய்திருக்கும் 501(சி)(3) பிரிவு தடுப்பது தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ வேலை செய்வதை. ஒரு பொதுப் பிரச்சினையின் இரு பக்கத்தையும் மேடையேற்றிப் பேசவைப்பதை அது தடுப்பதில்லை. தேவாலயங்களும் பல்கலைக்கழகங்களும் இதே பிரிவின்கீழ் இருந்துகொண்டு வாரம்தோறும் அதைத்தான் செய்கின்றன. நம் பொருளாளரே கணக்காளர். அவரிடம் யாரும் கேட்கக்கூட இல்லை என்று பிற்பாடு அவர் சொன்னார்.

விசாவில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வரும் என்பது இரண்டாவது. இந்த அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. நானே எட்டு வருடம் எச்1பி விசாவில் இருந்தவன். அப்போது வேலை போனால் இப்போதுள்ள 60 நாள் அவகாசம்கூடக் கிடையாது. அந்த விதி 2017-இல்தான் வந்தது. வேலை போன மறுநாளே சட்டப்படி இங்கே இருக்க முடியுமா என்ற கேள்வி வந்துவிடும். அப்படிப்பட்டவர் மேடையேறத் தயங்கினால் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் பேச்சுரிமை உண்டு என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1945-இலேயே சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கே துறைமுகத் தொழிலாளர்களின் தலைவரான ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்தப் பார்த்தார்கள்; அந்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. அதோடு, நம் ஆறு பேச்சாளர்களில் நால்வர் அப்போதே குடிமக்கள். அஞ்சியவர்களைக் கேட்கவைத்து, அஞ்சத் தேவையில்லாதவர்களைப் பேசவைத்திருக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பட்டிமன்றத்தை நிறுத்த உங்களுக்கு முழு உரிமை இருந்தது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டும். தனியார் அமைப்பின் செயற்குழுவை அது எதுவும் செய்யாது. என் பேச்சுரிமையைப் பறித்துவிட்டீர்கள் என்று நான் எங்கும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. உரிமை இருந்தும் அதைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்கிறேன். அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார்.

மூன்றாவது காரணம் அதுதானே: மனம் புண்படும். நம் குடும்பங்களிலேயே தவணை கட்ட முடியாதவர்கள் இருக்கலாம், அவர்கள் முன்னால் "அநியாயமே" என்று முழங்குவது அழகா என்று கேட்டீர்கள். இருந்தார். "அறமே" அணியின் தலைவர் அவர்தான்.

அது நம் யாருக்கும் தெரியாது. வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில்கூட ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாராம். தினமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். பட்டிமன்ற உரையை எழுதியதும் அங்கேதான். பதினோரு பக்கம், கோடு போட்ட மஞ்சள் தாளில். வங்கிகளுக்கு 70,000 கோடி கொடுத்தபோது எத்தனை குளியலறை என்று யாரும் கேட்கவில்லை; அரசு கைகொடுத்துப் பிழைத்த ஏஐஜி காப்பீட்டு நிறுவனம் மார்ச் மாதம் 16.5 கோடி டாலரை ஊக்கத்தொகையாகப் பிரித்துக்கொடுத்தது; ஒரு தெருவில் ஐந்து வீடு ஏலம் போனால் ஆறாவது வீட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டியும் இழக்கிறார். இதுதான் அவர் வாதத்தின் சுருக்கம். கடைசிப் பக்கத்தில் தன் வீட்டைப் பற்றியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மேடையில், உங்கள் எல்லோர் முன்னாலும். அந்தப் பக்கத்தை நான் பிற்பாடு வாசித்தேன்.

நிகழ்ச்சி ரத்தான பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வானொலியில் விளம்பரம் கேட்டு, கடனை மாற்றியமைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 3,500 டாலர் முன்பணம் கட்டினார். வங்கி கூப்பிட்டால் பேச வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யை உடைத்து, வரி போக 10 சதவீத அபராதமும் கட்டி, ஏழு தவணை செலுத்தினார். மானம் போகக்கூடாது என்றுதான். 2010 ஜனவரியில் வீடு ஏலம் போனது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வாடகை லாரியில் சாமான் ஏற்றும்போது நான் தற்செயலாக அந்த வழியே போனதால்தான் எனக்கே தெரியும். ஆட்டுக்கல்லை இருவரும் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். என் அணியின் மூன்றாவது பேச்சாளர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய வாதம் இது: கடன் வாங்கியவர்களுக்கு ஏற்கெனவே சட்டத்தில் போதுமான பாதுகாப்பு இருக்கிறது, என் வரிப்பணம் எதற்கு? அதற்கு ஆதாரமாக அவர் குறித்து வைத்திருந்தவை: அரிசோனாவில் இரண்டரை ஏக்கருக்கு மேற்படாத நிலத்தில் உள்ள வீட்டை வாங்குவதற்காகவே எடுத்த கடன் என்றால், அறிவிப்பு முறையில் ஏலம் போன பிறகு மிச்சக் கடனுக்கு வங்கி உங்களைத் துரத்த முடியாது. கடன் தீராமல் திவாலானாலும் 401(கே) சேமிப்பில் கடன் கொடுத்தவர்கள் கைவைக்க முடியாது. மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் காசு வாங்காமல் உதவுகிறார்கள். முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

முன்பணம் வாங்குவதையே மத்திய வர்த்தக ஆணையம் தடை செய்தது 2010 இறுதியில். அதற்கு ஒன்றரை வருடம் முன்பே என் அணித் தோழரின் குறிப்பேட்டில் அந்த எச்சரிக்கை இருந்தது. அந்தச் சனிக்கிழமை மேடையில் அவர் பேசியிருந்தால், எதிரணித் தலைவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, மறுத்துப் பேசுவதற்காக ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டிருப்பார். அவர் மனம் புண்படக்கூடாது என்று எதை மறைத்தீர்களோ அதில்தான் அவருக்கு வேண்டியது இருந்தது. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தெரியாமல் செய்ததுதான். பேசவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒபாமா அறிவித்த திட்டம் என்ன ஆயிற்று என்பதையும் எழுதியிருந்தேன், அதுவும் போய்விட்டது. தவணையை மாத வருமானத்தில் 31 சதவீதத்துக்குள் கொண்டுவருவதற்கு 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு உதவுவோம் என்றார்கள். 2016 இறுதியில் கதவை மூடியபோது நிலையான மாற்றம் கிடைத்தவை சுமார் 17 லட்சம். யாருக்குக் கொடுப்பது, யாரை மறுப்பது என்ற முடிவை, தவணை வசூலிக்கும் நிறுவனங்களிடமே விட்டிருந்தார்கள். விண்ணப்பித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மறுக்கப்பட்டதாக மீட்பு நிதியின் சிறப்புத் தணிக்கை அதிகாரி அலுவலகமே 2015-இல் அறிக்கை கொடுத்தது. பொறுப்பில்லாதவருக்குப் பணம் போய்விடும் என்று நான் பயந்தேன். தவிப்பவருக்குப் போய்ச் சேரும் என்று அவர் நம்பினார். வாசலில் உட்கார்ந்து யாரை உள்ளே விடுவது என்று தீர்மானித்தவரைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் கேட்டிருக்கக்கூடும்.

2012-இல் ஐந்து பெரிய வங்கிகள் ஜப்தி முறைகேடுகளுக்காக 49 மாநிலங்களுடன் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. வீடிழந்தவர்களுக்காக அரிசோனாவுக்கு வந்த பங்கில் 5 கோடி டாலரை நம் மாநிலச் சட்டமன்றம் பட்ஜெட் பற்றாக்குறைக்கு எடுத்துக்கொண்டது. அன்று "அறமே", "அநியாயமே" இரு அணியும் சேர்ந்து கொதித்திருக்க வேண்டிய விஷயம் அது. நம் வட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் அந்த வாரம் கோடை முகாமுக்குப் பெயர் கொடுப்பது பற்றி மட்டும் பேசினோம். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியவை இவை. நான்கு பக்கங்களையும் அப்படியே மலரில் சேருங்கள். யார் பெயரும் அதில் இல்லை. நண்பரிடம் வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் உங்களிடம் கொடுத்தேன். பட்டிமன்றத்தை நிறுத்தியது சரியே என்று இன்றும் நினைப்பவர்கள் தங்கள் விளக்கத்தை எழுதட்டும். அதை என் பக்கங்களுக்கு எதிர்ப்பக்கத்திலேயே அச்சிடுங்கள், எத்தனை பக்கமானாலும் சரி. இடம் போதவில்லை என்றால் நான் எழுதிய முதல் ஐந்து வருட வரலாற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் விழாக்களின் பட்டியல்தான் இருக்கிறது.

நவம்பரில் நடக்கும் ஆண்டு விழாவில் அந்தப் பட்டிமன்றத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நண்பர் இப்போது டெக்சாஸில், ஆஸ்டினில் இருக்கிறார். போன வாரம் பேசினேன், வருகிறேன் என்றார். மஞ்சள் தாள் பதினொன்றும் பத்திரமாக இருக்கிறதாம். "அறமே" அணிக்கு அவர்தான் தலைவர். எதிரில் நான் பேசுகிறேன். என் கட்சி மாறவில்லை. அப்பாவின் ரசீதையும் ஊரிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய செயலாளர்